முதல் கிட்டார்: விலையா, விரலா?



மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் இதழில் கிட்டாருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. சில ஆண்டுகளாகப் பள்ளி திறக்கும் சமயத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும், பேச்சிப்பாறை, குலசேகரம், திருவட்டாறு பக்கத்துக் கடைக்காரர்கள் சரக்கெடுக்க வரும்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பையன் கிட்டார் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான் அண்ணாச்சி. மூவாயிரத்துக்கும் இருக்கு, முப்பதாயிரத்துக்கும் இருக்கு. எதத்தான் வாங்க?" என்பதுதான் அந்தக் கேள்வி.

நாம் கிட்டார் வாசிப்பவரல்ல. நல்லமிளகும் கிராம்பும் புளியும் அரிசியும் பார்த்தே காலம் போயிற்று. ஆனால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடகர் குழுவுக்கும் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவற்றைப் பழுது பார்ப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு. அந்த அளவில் ஒரு வியாபாரியின் கண்ணோடு இதை எழுதுகிறோம். முடிவில் நம் தொழிலைப் பற்றியும் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

நம் பக்கத்துக் கருவி

கிட்டார் வெளிநாட்டுச் சங்கதி என்று பெரியவர்கள் சிலர் தள்ளிவிடுகிறார்கள். வயலினும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட பிறகு அது நம் கச்சேரி மேடையின் கருவியாகவே ஆகிவிட்டது. கிட்டாரும் அந்த வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் அவருடைய பாட்டுகளில் ஒலித்த கிட்டாரை நம் கிராமத்து டீக்கடை வானொலியில் கேட்காதவர் யார்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு இங்கே சபைகள் வளர்ந்தன. சபை இருக்கும் இடத்தில் பாட்டு இருக்கும். முன்பு ஆர்மோனியமும் ஆர்கனும் இருந்த இடத்தில் இன்று கிட்டாரும் இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே நாலு வீடும் ஒரு ஜெப வீடும் இருக்கும் இடத்தில்கூட வாசிக்கிற பையன் ஒருவன் இருப்பான். சபை வேறுபாடு இல்லாமல் பள்ளி விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். பிள்ளை கேட்பதில் தவறொன்றும் இல்லை. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

விலை எங்கே போகிறது?

எந்தச் சரக்கானாலும் விலை ஏன் ஏறுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கிட்டார் விலையை மூன்று படியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் படி, ஏறத்தாழ ரூ.2,500 முதல் ரூ.4,000 வரை. பெரும்பாலும் 38 அங்குல நீளம், ஒரு பக்கம் வெட்டிய உடல், பளபளக்கும் வண்ணம், கூடவே பை, பட்டை, ஒரு செட் கம்பி. உடல் முழுக்க ஒட்டுப் பலகை. பிருடைகள் லேசானவை. சிலவற்றில் கழுத்தை நிமிர்த்தும் இரும்புத் தண்டு இருக்காது.

இரண்டாம் படி, ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை. இதுவும் பெரும்பாலும் ஒட்டுப் பலகைதான். ஆனால் மெட்டுகள் இயந்திரத்தில் அளவாக வெட்டப்பட்டவை, பிருடை நழுவாது, கழுத்துக்குள் திருகித் திருத்தும் தண்டு இருக்கும். கல்கத்தாவில் தயாராகும் கிட்டார்கள் பல பத்தாண்டுகளாக நாடெங்கும் போகின்றன. யமஹா நிறுவனம் நம் தமிழ்நாட்டிலேயே, திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில் இசைக்கருவி ஆலை வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் இயந்திரங்கள் வந்தபின் இந்தப் படியில் உள்ள சரக்கின் தரம் முன்னைவிட நன்றாகவே உயர்ந்திருக்கிறது.

மூன்றாம் படி, பெரும்பாலும் ரூ.15,000ஐ ஒட்டித் தொடங்கி மேலே போகும். இதில் மேல்பலகை ஒட்டுப் பலகையாக இராது. ஒரே மரத்தின் முழுப் பலகையாக இருக்கும். ஒலி நிறைவாக இருக்கும். வாசிக்க வாசிக்க ஒலி இன்னும் திறக்கும் என்று வாசிப்பவர்கள் சொல்கிறார்கள்.

மேல்பலகைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? ஸ்பெயின் நாட்டில் அந்தோனியோ தே தோரஸ் (1817–1892) என்று ஒரு கைவினைஞர் இருந்தார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை நிலைப்படுத்தியவர் அவர். 1862இல் அவர் ஒரு கிட்டாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்தார். ஒலியின் பெரும்பகுதி மேல்பலகையில் பிறக்கிறது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். அந்தக் கிட்டார் பார்சலோனா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

முதுகுப் பலகைக்கும் மரியாதை உண்டு. அதில் நம் மலைக்கும் பங்கு இருக்கிறது. ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் உலகெங்கும் உயர்ந்த கிட்டார்களின் முதுகாக இருக்கிறது. 1833இல் தொடங்கிய அமெரிக்க மார்ட்டின் நிறுவனம் பிரேசில் நாட்டு மரத்தை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது 1969இல். பிரேசில் மரத்தின் உலக வாணிபத்துக்கு 1992இல் தடையே வந்துவிட்டது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏழாயிரம் ரூபாய் கிட்டாரின் அட்டையில் 'ரோஸ்வுட்' என்று போட்டிருந்தால் முழு ஈட்டிப் பலகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இந்த மூன்று படிகளையும் பார்த்து நாம் கண்டது இதுதான். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் விரலுக்குப் போகிறது. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் கொடுக்கும் பணம் காதுக்குப் போகிறது. புதிதாகப் பழகும் பிள்ளைக்கு முதலில் விரல்தான் வசப்பட வேண்டும். காது பிறகு தானாகவே கேட்கும்.

கைக்கு இணங்குதல்

கைக்கு இணங்குவது என்றால் என்ன? வீணை தெரிந்தவர்களுக்கு எளிதாக விளங்கும். கழுத்தின் மேல் வரிசையாக மெட்டுகள். அவற்றுக்கு மேலே ஆறு கம்பிகள். கம்பிகள் ஒரு முனையில் குதிரையிலும் மறுமுனையில் வெட்டுப் பள்ளமுள்ள சிறு கட்டையிலும் தாங்கி நிற்கின்றன. இந்தக் கட்டையை நட்டு என்கிறார்கள். கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எஃகுக் கம்பிக் கிட்டாரில் 12வது மெட்டின் மேல் தடித்த கம்பி சுமார் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பி சுமார் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் பழகுபவருக்குச் சுகம். நாலு மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரியவர் விரலே வலிக்கும். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

உயரம் கூடினால் வலி மட்டுமல்ல, சுருதியும் கெடும். கம்பி உயரத்தில் இருந்தால் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறுகிறது. ஆக, பிள்ளை சரியான இடத்தில் விரலை வைத்தாலும் சுரம் தவறாகக் கேட்கும். ஆசிரியர் திட்டுவார். பிள்ளைக்குத் தான் எங்கே தவறினோம் என்று தெரியாது. தவறு பிள்ளையிடம் இல்லையே!

இதில் சரிசெய்ய முடிந்ததும் உண்டு, முடியாததும் உண்டு. குதிரையின் மேலுள்ள எலும்புத் துண்டைத் தேய்த்துக் கம்பியைத் தாழ்த்தலாம். நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்தலாம். லேசாக வளைந்த கழுத்தைத் தண்டைத் திருகி நிமிர்த்தலாம். கம்பியை மாற்றலாம். இவையெல்லாம் தெரிந்த கையில் ஒரு மணி நேர வேலை, கூலி சில நூறு ரூபாய். ஆனால் முறுக்கிக்கொண்ட கழுத்து, தவறான இடத்தில் ஒட்டிய குதிரை, அளவு பிசகிய மெட்டு இவற்றைத் திருத்தும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். கல் கலந்த பருப்பைப் புடைத்துச் சுத்தம் செய்யலாம், பூச்சி அரித்த பருப்பை என்ன செய்வது? அதே கணக்குத்தான்.

ஒரு நல்ல கருவியும் இந்த வேலை செய்யப்படாமல் பெட்டியோடு வந்தால் கைக்கு இணங்காமல் இருக்கக்கூடும். ஆலையில் பெரும்பாலும் கம்பியைச் சற்று உயரமாகவே வைத்து அனுப்புகிறார்கள். தாழ்வாக வைத்தால் வழியில் மரம் அசைந்து கம்பி மெட்டில் உரசி இரையும் என்ற பயம். ஆகவே கடைசித் திருத்தத்தை வாங்கும் ஊரில் யாராவது செய்தாக வேண்டும். விலைச் சீட்டில் இந்த வேலைக்கு வரி கிடையாது. ஆனால் இதுதான் பாதி கிட்டார்.

"முதல்ல மலிவா வாங்குவோம்"

"இப்ப மூவாயிரத்துல ஒண்ணு வாங்கிக் கொடுப்போம். ஆர்வம் இருந்தா அப்புறம் நல்லதா வாங்குவோம்." பெரும்பாலான பெற்றோர் போடும் கணக்கு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் கடைகளிலும் புது வாடிக்கையாளர் முதலில் கால் கிலோ வாங்கிப் பார்ப்பார், பிடித்தால் மூட்டையாக எடுப்பார்.

ஆனால் இங்கே அந்தக் கணக்குப் பொருந்தாது. கால் கிலோ அரிசியும் மூட்டை அரிசியும் ஒரே அரிசி. மோசமான கிட்டாரும் நல்ல கிட்டாரும் ஒரே சரக்கின் பெரிய பொட்டலமும் சிறிய பொட்டலமும் அல்ல. கம்பி நாலரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் கருவியை ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் பிள்ளையின் ஆர்வத்தை நாம் சோதிக்கவில்லை. வலியைத் தாங்கும் சக்தியைத்தான் சோதிக்கிறோம். மூன்றாம் மாதம் அது பீரோவுக்கு மேலே போய்விடும்.

அதன்பின் நடப்பதுதான் நம்மை உறுத்துவது. அரிசி சரியில்லை என்றால் வீட்டுக்காரம்மா மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்று கேட்டுவிடுவார். புளியில் கொட்டை அதிகம் என்றால் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிடுவார். நமக்கு வருத்தமாக இருந்தாலும் சரக்கு சரியில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடும், மாற்றிக் கொடுத்துவிடுவோம். கிட்டார் வாங்கியவர் அப்படித் திரும்பி வருவதில்லை. கருவி சரியில்லை என்று அவருக்குத் தெரியாது. "நம்ம பிள்ளைக்கு இது வராது" என்று முடிவு செய்துவிடுகிறார். பிள்ளையும் "எனக்குச் சங்கீதம் வராது" என்று நம்பிவிடுகிறது. ஒரு பொருளின் குறை ஒரு மனிதனின் குறையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தக் கணக்கை நாற்பது வயதிலும் யாரும் திருத்துவதில்லை. ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடித்து நாம் இழப்பது இதைத்தான்.

மறுபக்கமும் உண்டு. "பிள்ளைக்குத்தானே, இருப்பதிலேயே உயர்ந்ததாக வாங்குவோம்" என்று முதல் கிட்டாருக்கே முப்பதாயிரம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தேவையில்லை. இரண்டாம் படியில் ஒன்றை வாங்கி, சரியாகத் திருத்தி வைத்தால் முதல் சில ஆண்டுகளுக்குத் தாராளமாகப் போதும். திருத்தாத முப்பதாயிரத்தைவிடத் திருத்திய ஏழாயிரம் பிள்ளைக்கு நல்லது.

எஃகா, நைலானா?

இன்னொரு தீர்மானம் கம்பியைப் பற்றியது. எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து, கம்பியின் கனத்தைப் பொறுத்து, 55 முதல் 75 கிலோ வரையான விசையில் இழுக்கின்றன. கனமான கம்பி போட்டால் பழைய 75 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டது போலத்தான். நைலான் கம்பியில் இந்த இழுவை சுமார் 40 கிலோ.

பத்து வயதுக்கு உட்பட்ட சின்ன விரலுக்கு நைலான் மெதுவாக இருக்கும். ஆனால் நைலான் கிட்டாரின் கழுத்து அகலம், நட்டின் அருகே சுமார் 52 மி.மீ. எஃகுக் கம்பிக் கிட்டாரில் அது சுமார் 43 மி.மீ.தான். கை சிறியதானால் முக்கால் அளவுக் கிட்டார் வாங்க வேண்டும். "வளர்ந்த பிறகும் ஆகும்" என்று சட்டை வாங்குவது போலப் பெரியதாக வாங்கக் கூடாது. பாடகர் குழுவில் சேர்ந்து வாசிக்கும் வளர்ந்த பிள்ளைக்கு எஃகுக் கம்பிதான் வழக்கம். அதில் மெல்லிய செட் போட்டுத் தொடங்கலாம். நைலான் கிட்டாரில் மட்டும் எஃகுக் கம்பியை மாட்டிவிடாதீர்கள். அந்த இழுவைக்குக் குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

நல்ல கருவியிலும் முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும், பிறகு தோல் காய்ப்பேறிப் பழகிவிடும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மழையும் மரமும்

எங்கள் பேச்சிப்பாறைக்கு என்றே சொல்ல வேண்டியது ஈரத்தைப் பற்றி. கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடித்த அணை, சுற்றிலும் காடு, ரப்பர் தோட்டம். தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழையும் பெறும் மண். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு விளைவதும் இந்த மலைச் சாரலில்தான். கிராம்பையும் நல்லமிளகையும் ஈரத்தோடு மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஷீட்டில் பூஞ்சை பிடிப்பதும் தெரியும். மரமும் அப்படித்தான். மரத்தை அறுத்துக் கருவியாகச் செய்த பிறகும் அது ஈரத்தைக் குடிக்கும், விடும்.

கிட்டாருக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. ஈரம் குடித்த மேல்பலகை லேசாக உப்பும். உப்பினால் குதிரை உயரும். குதிரை உயர்ந்தால் கம்பியும் உயரும். ஏப்ரலில் சரியாக இருந்த கருவி ஜூலையில் கைக்கு இணங்காமல் போவது இதனால்தான். முழுப் பலகைக் கிட்டாரில் இது அதிகம், ஒட்டுப் பலகையில் குறைவு. மலைப்பக்கத்து வீட்டுக்கு முதல் கருவியாக ஒட்டுப் பலகையே மேல் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்புக்குப் பெரிய செலவில்லை. வெளிச்சுவரில், மழை ஊறும் பக்கம் மாட்டக் கூடாது. பையிலோ பெட்டியிலோ வைத்து, பொருட்களோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் நாலைப் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்தால் துரு தாமதமாகும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டால் பசை இளகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

வாசிக்கத் தெரியாதவரும் பார்க்கலாம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும்.

ஒன்று: 12வது மெட்டின் மேல் கம்பியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

இரண்டு: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நட்டுப் பக்கமிருந்து நீளவாக்கில் பாருங்கள். கழி வாங்கும்போது கோணல் பார்ப்பது போல. மெல்லிய வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது.

மூன்று: ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிக் கேளுங்கள். எங்காவது இரைச்சலோ செத்த ஒலியோ வந்தால் கேள்வி கேளுங்கள்.

நாலு: 12வது மெட்டு கம்பியின் சரிபாதியில் இருக்கும். 650 மி.மீ. கம்பிக்கு அது 325 மி.மீ.இல் விழும். அங்கே அழுத்தி மீட்டினால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயிச் சுரம் வர வேண்டும். போனில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிச் செயலியே ஏற்றம் இறக்கத்தைக் காட்டிவிடும்.

ஐந்து: குதிரையின் பின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் குதிரை பெயரத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

ஆறு: கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். மெட்டின் முனை கீறினால் பிள்ளையின் கையையும் கீறும்.

ஏழு: பிள்ளையை அழைத்துப் போங்கள். மடியில் வைத்து உட்காரச் சொல்லுங்கள். வலது கை உடலைச் சுற்றி வசதியாக விழ வேண்டும், இடது கை முதல் மெட்டை எட்ட வேண்டும். "ஆச்சரியமாக இருக்கட்டும்" என்று பிள்ளைக்குத் தெரியாமல் வாங்குவது செருப்பை அளவு பார்க்காமல் வாங்குவது போல.

நிறத்தையும் ஓவியத்தையும் கடைசியில் பாருங்கள். ஒரே விலையில் இரண்டு சமமாகக் கைக்கு இணங்கினால் பிள்ளைக்குப் பிடித்த நிறத்தை எடுங்கள். பிடித்த நிறம் கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.

நம் தொழிலுக்கு இதில் என்ன?

"ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாமும் வணிகர்கள்தான், விலை பார்க்காமல் வாங்கச் சொல்ல மாட்டோம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி பொருள் எந்த நாட்டில் ஆனது என்பதை அவர்கள் காட்ட வேண்டும். அதைப் பார்த்து வாங்குபவர்கள் வாங்கலாம். ஆனால் பெட்டியில் வரும் கிட்டாரில் கடைசித் திருத்தம் பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஆளைத் தேடி மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ போக வேண்டும். ஜூலை மழையில் கம்பி உயர்ந்தால் மறுபடியும் போக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

அதே மூச்சில் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க்கடை என்பதாலேயே யாரும் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கிட்டார் கடைக்காரர் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, அப்படியே தூக்கிக் கொடுத்தால் அவர் செய்த வேலை என்ன? கூரியர்காரர் செய்த அதே வேலைதான். அவர் அளந்து, தேய்த்து, சுருதி சேர்த்து, பிள்ளையின் மடியில் வைத்துப் பார்த்து, "மழை முடிஞ்சதும் ஒரு தடவ கொண்டு வாங்க, பார்த்துத் தாரேன்" என்று சொன்னால் அந்த ஐந்நூறு அவர் உழைத்துச் சம்பாதித்தது. அதைக் கொடுக்க யாரும் கசப்புப்பட மாட்டார்கள்.

நம் மளிகைக் கடைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். பெரிய அங்காடிகளும் கைபேசிக் கடைகளும் வந்துவிட்டன என்று கூட்டம்தோறும் வருத்தப்படுகிறோம். பொட்டலம் கட்டிய சரக்கில் அவர்களோடு விலைப் போட்டி போட்டு நாம் வெல்லப் போவதில்லை. ஆனால் இந்த அரிசி புதுசு, தண்ணீர் குறைத்து வையுங்கள் என்று சொல்வது நம் வேலை. இந்தப் புளி மீன் குழம்புக்கு ஆகும், ரசத்துக்கு ஆகாது என்று சொல்வதும், மழைக்காலத்தில் நல்லமிளகை எப்படி வைப்பது என்று சொல்வதும் நம் வேலை. வாங்கியவர் தமக்கே தெரியாத குறையோடு வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான். புகார் வரவில்லை என்பதால் சரக்கு சரியாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. திரும்பி வராத வாடிக்கையாளரிடமும் ஒரு புகார் இருந்திருக்கலாம்.

ஆகவே சங்க உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பிள்ளைக்குக் கிட்டார் வாங்கும் கடைக்காரர்கள் நல்ல இரண்டாம் படிக் கருவிக்கும் ஒரு தடவைத் திருத்தக் கூலிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். இசைக்கருவி விற்கும் நம் அன்பர்கள் மேசையில் ஒரு ஸ்கேலை வையுங்கள், விற்கும்போதே கம்பி உயரத்தைப் பில்லின் பின்னால் எழுதிக் கொடுங்கள், முதல் மழைக்காலத் திருத்தத்தை இலவசமாகச் செய்து கொடுங்கள். சங்கத்தின் ஆண்டு விழாவில் மாணவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் நிர்வாகிகள், வாசிக்கத் தொடங்கிவிட்டு வசதியில்லாமல் நிறுத்திய மலைப்பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்காவது ஆண்டுதோறும் திருத்தி வைத்த ஒரு கிட்டாரைக் கொடுக்க முன்வர வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோளை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம்.